வெள்ளவத்தையில் இடறும் எழுத்துமாற்றி

இலங்கையில் அச்சாகும் தமிழ் வெளியீடுகளைப் புரட்டுகிறவர்கள் 'றறற' என்ற விசித்திரச் சொல்லை எப்போதாவது கண்டிருப்பார்கள். நூலின் முன்பக்கத்திலோ, கூட்ட அறிவித்தலிலோ, கோயில் மலரின் பின்னட்டையிலோ மூன்று றகரங்கள் வரிசையாக நிற்கும். சற்றுத் தள்ளி '.உழஅ' என்று ஒன்று வரும். சில இடங்களில் அதற்கு முன்னால் 'பஅயடை' என்றும் இருக்கும். வாசிக்கிறவர் அச்சுப்பிழை என்று கடந்துபோவார். ஆனால் தட்டச்சுச் செய்தவர் ஓரெழுத்தும் பிசகவில்லை. முதலாவது, இணைய முகவரியின் தலையில் வரும் மூன்று டபிள்யூ. இரண்டாவது, அதன் வாலில் வரும் 'டொட் கொம்'. மூன்றாவது, ஜீமெயில்.

இது எப்படி நேர்கிறது என்பதற்கு விடை விசைப்பலகையில் இருக்கிறது. பாமினி என்ற எழுத்துருவில் டபிள்யூ விசையில் 'ற' இருக்கிறது. சீ விசையில் 'உ', ஓ விசையில் 'ழ', எம் விசையில் 'அ'. ஒரு பக்கம் முழுவதையும் தெரிவுசெய்து பாமினிக்கு மாற்றினால், நடுவில் கிடந்த ஆங்கில முகவரியும் சேர்ந்து தமிழெழுத்தாகக் காட்சி தரும்.

சிறு தவறுதான். ஆனால் அதன் அடியில் கிடக்கும் சிக்கல் சிறியதல்ல. 1990கள் தொடக்கம் கொழும்பில் கணினியில் கோக்கப்பட்ட தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பாடக் குறிப்புகள், நினைவு மலர்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி, எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று தெரிந்தால் மட்டுமே தமிழாக வாசிக்கக்கூடிய கோப்புகளில் கிடக்கிறது. எழுத்துருவின் பெயர் தொலைந்தால் எஞ்சுவது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல். அந்தக் கோப்புகளை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தினமும் நடக்கிறது. அதைச் செய்கிறவர்களின் பெயர் எந்த நூலின் முன்பக்கத்திலும் வருவதில்லை.

கொழும்பு 6. காலி வீதியின் இரு மருங்கிலும், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், 'டைப்செட்டிங், பிரின்டிங், போட்டோக்கொப்பி' என்று பலகை மாட்டிய சிறு கடைகள். திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், மொழிபெயர்த்த பிறப்புச் சான்றிதழ், மரண அறிவித்தல் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். அவற்றுள் நுணுக்கமானது 31ஆம் நாள் கல்வெட்டு. இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரங்கள், பேரப்பிள்ளைகளின் இரங்கல், நன்றி நவிலல் எல்லாம் அடங்கிய சிறு நூல். முன்பு பந்திகள் கையெழுத்தில் வந்தன. இப்போது ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வட்ஸ்அப்பில் வருகின்றன. கைபேசியில் தட்டிய அந்தத் தமிழ் முழுவதும் ஒருங்குறி, அதாவது யூனிக்கோட். கடைக் கணினியில் பக்கம் கட்டக் காத்திருப்பதோ பல இடங்களில் இன்றும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினியும். வந்த பந்தியை அப்படியே கொப்பி பண்ணி ஒட்டினால் தாத்தாவின் வரலாறு முழுவதும் கேள்விக்குறிகளாக விழும். ஆகவே முதலில் ஒருங்குறியைப் பாமினிக்கு மாற்ற வேண்டும். அடுத்த நாள் அதே கல்வெட்டை இணையத்தில் போட வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டால், பாமினியிலிருந்து மறுபடி ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

நகரின் மறுமுனையில் கொழும்பு 13, கொட்டாஞ்சேனை. அச்சகங்களும் புத்தகக் கடைகளும் செட்டியார் தெருவிலிருந்து இந்தப் பக்கம் வரை நெடுங்காலமாகப் பரந்து கிடக்கின்றன. டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை', 1990களின் பிற்பகுதியில் கொழும்புக்கு வந்து ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளியானது. யாழ்ப்பாணத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சிட்ட இதழ் அது. தி. ஞானசேகரன் 2000 ஜூனில் தொடங்கிய 'ஞானம்' பின்னர் வெள்ளவத்தை 46ஆவது ஒழுங்கை முகவரியிலிருந்து வந்தது. ஈயத்திலிருந்து கணினிக்கு இலங்கைத் தமிழ் அச்சு வந்த பாதை இந்த இரண்டு இதழ்களின் கதைக்குள் அடங்கும்.

கணினிக்கு எழுத்து தெரியாது. அது வைத்திருப்பது எண் மட்டுமே. 1960களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்ற தரத்தில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். தமிழுக்கு இடமில்லை. 1980களிலும் 90களிலும் தமிழைக் கணினியில் கொண்டுவர முனைந்தவர்கள் கெட்டிக்காரத்தனமான ஒரு வழியைப் பிடித்தார்கள். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குத் திரையில் தெரியும் படத்தை மாற்றினார்கள். ஆங்கில 'ஜே'யின் எண் 106. பாமினியில் அந்த எண்ணுக்கு 'த' என்று வரைந்திருக்கும். கோப்பைப் பொறுத்தவரை அது ஜேதான். பார்க்கிற கண்ணுக்குத்தான் தகரம்.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பாமினிக் கோப்பில் அது ஐந்து எண்கள்: 106, 107, 112, 111, 59. ஆங்கிலத்தில் ஜே, கே, பீ, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் குற்றாக ஏறுகிறது. அதே சொல் ஒருங்குறியில் 2980, 2990, 3007, 2996, 3021. இந்த எண்கள் தமிழுக்கு மட்டுமே உரியவை. உலகில் வேறெந்த எழுத்துக்கும் அவை கிடையாது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒருங்குறிக் கோப்பை எந்தத் தமிழ் எழுத்துருவில் திறந்தாலும் தமிழ்தான் வரும். பாமினிக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வருவது உளறல்.

எண்ணுக்கு எண் மாற்றினால் முடிந்துவிடாதா என்று கேட்கலாம். முடியாது. காரணம் தட்டச்சுப் பொறி.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். தட்டச்சு நிலையங்களில் 'யளனக' என்று விரல் பழகியவர்கள் கணினிக்கு வந்தபோது பழகிய இடத்திலேயே எழுத்தைத் தேடினார்கள். பாமினியின் நடுவரிசையில் இடக்கைப் பக்கம் இன்றும் அதே ய, ள, ன, க. பொறியின் விசை அமைப்போடு அதன் எழுதும் முறையும் கூடவே வந்தது. பொறியில் தாளின் மேல் எது முதலில் விழ வேண்டுமோ அதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். ஆகவே 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு (ா). ஒருங்குறி அப்படிச் சேமிப்பதில்லை. வாய் சொல்லும் ஒழுங்கில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பும் அரவும் சேர்ந்து 'ஒ'கரக் குறி என்ற ஒரே எண்ணாகி ககரத்துக்குப் பின்னால் நிற்கும். திரையில் அதை இரு பக்கமும் பிரித்துக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எனவே எழுத்துமாற்றி என்ற மென்பொருள் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. எழுத்தின் வரிசையையும் புரட்டிப் போட வேண்டும்.

எந்த மாற்றியையும் சோதித்துப் பார்க்கக் கொழும்பின் இடப்பெயர்களே போதும்.

கொட்டாஞ்சேனையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு மூன்றும் இருக்கின்றன. நல்ல மாற்றி நீளமான கோவையை முதலில் தேடும்: கொம்பும் க-வும் அரவும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்த்து, இருந்தால் 'கொ' ஆக்கும். அவசரமான மாற்றி கொம்பையும் ககரத்தையும் மட்டும் கண்டு 'கெ' என்று போட்டுவிட்டு அரவைத் தனியே ஒட்டிவைக்கும். திரையில் இரண்டும் ஒரேமாதிரித் தெரியலாம். ஆனால் உள்ளே இருக்கும் எண்கள் வேறு. அந்தக் கோப்பில் 'கொட்டாஞ்சேனை' என்று தேடினால் ஊரே இல்லை என்று சில மென்பொருள்கள் சொல்லும்.

ஸ்ரீ கதிரேசன் வீதி இன்னொரு பொறி. பாமினியில் 'ஸ்ரீ' ஒரே விசை. ஒருங்குறியில் அது நான்கு எண்களின் கூட்டு. அதிலும் இரண்டு வழி உண்டு. ஸகரத்தில் தொடங்கும் கூட்டு பழையது. 2005இல் ஒருங்குறியின் 4.1ஆவது பதிப்பு கிரந்த 'ஶ'வைத் தனியெழுத்தாகச் சேர்த்தபின் அதில் தொடங்கும் கூட்டும் வந்தது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகவே வரைகின்றன. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு கோயில் மலரை இருவர் பாதி பாதியாக மாற்றினால், ஒரே தெய்வத்தின் பெயர் ஒரே நூலில் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கும்.

மூன்றிலும் கடினமானது வெள்ளவத்தை. 'ஔ' வரிசைக் குறியின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் பார்வைக்கு ஒன்று. தட்டச்சுப் பொறியில் விசையை மிச்சப்படுத்த இரண்டுக்கும் ஒன்றையே பயன்படுத்தினார்கள், பாமினியும் அப்படியே. இதனால் கொம்பு, வ, ள என்று மூன்று விசை அடுத்தடுத்து வந்தால் அது 'வௌ' என்றும் இருக்கலாம், 'வெள' என்றும் இருக்கலாம். 'கௌரி' என்று வர வேண்டும் என்பதற்காக மாற்றியை எழுதியவர் மூன்றையும் சேர்த்து ஔகாரம் ஆக்குகிறார். உடனே வெள்ளவத்தை 'வௌ்ளவத்தை' ஆகிறது. வெளிநாடு 'வௌிநாடு' ஆகிறது. வெளியீட்டு விழா 'வௌியீட்டு விழா' ஆகிறது. இலங்கைச் செய்தித் தளங்களை வாசிக்கிற எவரும் இந்த உருக்களை நாள்தோறும் காண்கிறார்கள். நெற்றி சுருக்காமல் வாசித்துப் போகிற அளவுக்கு அவை பழகிவிட்டன. பழகக் கூடாத பழக்கம் அது. அத்தகைய தளத்தில் 'வெளிநாடு' என்று சரியாக எழுதித் தேடுகிற மாணவிக்கு அப்படிப் பதிவான செய்தி கிடைக்காது.

இதில் பாதியை இலக்கணமே தீர்த்துவைக்கிறது. தமிழில் ஔகாரக் குறிக்குப் பின்னால் குற்று வராது, விசிறி (ி) வராது, வேறெந்த உயிர்க்குறியும் வராது. அப்படி வந்திருந்தால் அங்கே இருப்பது ளகரம்தான். இந்த ஒரு விதியை மாற்றியில் சேர்த்தால் வெள்ளவத்தையும் வெளிநாடும் பிழைத்துவிடும். அடுத்து வெறும் ளகரம் வரும் இடங்கள் எஞ்சும். 'பௌத்தம்', 'கௌரவம்' என்பவை ஔகாரம். ஆனால் சிறுகதையில் பாத்திரம் பேச்சுவழக்கில் 'வெளங்குது' என்று சொன்னால் அது ளகரம். எந்த விதியும் அதைத் தனியே அறியாது. சொற்களஞ்சியம் வேண்டும், அல்லது மெய்ப்புப் பார்க்கிறவரின் கண் வேண்டும்.

ரகரத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் 'ர்', 'ரி', 'ரீ' என்பவற்றைக் கால் நீட்டாமல் அரவின் வடிவிலேயே வார்த்தார்கள். அந்தப் பழக்கத்தில் பலர் கணினியிலும் ரகரத்துக்குப் பதில் அரவு விசையையே அடித்தார்கள். அச்சில் அழகாகத்தான் இருந்தது. ஒருங்குறிக்கு வந்ததும் 'அவர்' என்பது 'அவா்' ஆகிவிட்டது. அரவுக்குப் பின் குற்று வரும் தமிழ்ச் சொல் எதுவும் இல்லையாதலால் இதையும் விதியால் திருத்தலாம். ஆனால் திருத்த வேண்டும் என்று ஒருவர் நினைக்க வேண்டும்.

பாமினி மட்டும் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். தமிழ்நாட்டில் வானவில் ஒரு வழியில் போனது. ஸ்ரீலிபி இன்னொரு வழியில். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்று ஒவ்வொரு நாட்டிலும் தனித் தனி முயற்சிகள். கொழும்பில் கோத்த நூலைச் சென்னையில் அச்சிடுவது வழக்கம். 'கொழும்பு – சென்னை' என்று இரண்டு ஊரையும் சேர்த்தே முகவரி போட்ட பதிப்பகங்கள் உண்டு. கோப்பு கடலைத் தாண்டும்போது எழுத்துரு மாறினால் நூல் குழம்பியது. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடும் 1999இல் சென்னையில் நடந்த மாநாடும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே கூடின. சென்னையில் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் கூடிப் பேசிய தமிழர்கள் தகுதரம் என்ற டிஸ்கியை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒற்றுமைக்காகப் பிறந்து, பட்டியலில் இன்னும் ஒன்றைக் கூட்டியது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 விதமான குறியீடுகள் இருந்து, எதிலிருந்தும் எதற்கும் நேரடியாக மாற்ற வேண்டுமானால் 380 மாற்றிகள் எழுத வேண்டும். எல்லாவற்றையும் முதலில் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து அங்கிருந்து வேண்டியதற்கு அனுப்பினால் 40 போதும். காலி வீதி நாணய மாற்றுக் கடையில் கனேடிய டொலரையும் சுவிஸ் பிராங்கையும் ரூபாய்க்கு மாற்றித்தான் மற்றதை வாங்குவார்கள், அதே ஏற்பாடு. ஆவண வடிவங்களின் உலகிலும் இதையே செய்தார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டொக் என்ற இலவச மென்பொருள், வேர்ட், எச்.டி.எம்.எல்., லேடெக் என்று எது வந்தாலும் முதலில் தன்னுடைய பொது அமைப்பாகப் பிரித்துக்கொள்கிறது. தலைப்பு எது, பந்தி எது, அடிக்குறிப்பு எது என்று அறிந்தபின் கேட்ட வடிவில் மறுபடி கட்டித் தருகிறது. ஆனால் அது எழுத்துருவைப் பார்ப்பதில்லை. பாமினி வேர்ட் கோப்பைக் கொடுத்தால் கட்டமைப்பைக் கச்சிதமாக மாற்றி, உளறலை உளறலாகவே திருப்பித் தரும். தமிழுக்கு இரண்டு மாற்றமும் வேண்டும்: எழுத்துக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று.

எழுத்து மாற்றத்தில் புலம்பெயர்ந்தவர்கள் செய்த தொண்டு பெரிது. ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் இணையத்தில் இலவசமாக வைத்த பொங்குதமிழ் மாற்றியைப் பயன்படுத்தாத ஈழத்து எழுத்தாளர் அரிது. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தகுதரத்தில் ஏற்றிய பழந்தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா எழுதியையும் மாற்றியையும் இலவசமாகத் தந்தது. இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் 2008இல் ஒருங்குறியை நாட்டின் தமிழ்க் குறியீடாக ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸிலேயே லதா என்ற ஒருங்குறித் தமிழ் எழுத்துரு வந்துவிட்டது.

அப்படியானால் கடைகளில் பாமினி ஏன் இன்னும் இருக்கிறது? பழக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பேஜ்மேக்கர். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, 1994இல் அடோபியின் கைக்குப் போன இந்த மென்பொருளுக்கு ஒருங்குறி தெரியாது. 2001இல் வந்த ஏழாவது பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. அடோபி அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த இன்டிசைன் தமிழ் ஒருங்குறியை ஒழுங்காகக் கோக்க 2012இன் சி.எஸ்.6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை இவற்றில் பக்கம் கட்ட வேண்டுமானால் பாமினி போன்ற எழுத்துருக்களைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை. உலகம் ஒருங்குறிக்குப் போய்விட்டது என்று அறிவுரை சொன்னவர்களுக்கு அச்சகத்தின் இந்த நெருக்கடி தெரிந்திருக்கவில்லை. அச்சகத்தாரைப் பழைமைவாதிகள் என்று ஏசியது நியாயமில்லை.

அந்த 2012ஆம் ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. பேஜ்மேக்கர் கோப்பை நேராகத் திறந்து உள்வாங்கக்கூடிய கடைசி இன்டிசைன் சி.எஸ்.6தான். அதற்குப் பின் வந்த சந்தாப் பதிப்புகள் அந்தக் கதவை மூடிவிட்டன. இறுவட்டிலும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் பேஜ்மேக்கர் கோப்புகளை வைத்திருக்கும் பதிப்பகம், பேஜ்மேக்கரோ சி.எஸ்.6ஓ இயங்கும் பழைய கணினி ஒன்றையும் பாதுகாக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. அந்தக் கணினி பழுதானால் கோப்பு இருந்தும் நூல் இல்லை.

திறந்துவிட்டால் அடுத்த வேலை. பாமினியின் எழுத்து அகலமும் ஒருங்குறி எழுத்துருவின் அகலமும் ஒன்றல்ல. 200 பக்க நூல் மாற்றத்தின்பின் 212 ஆகலாம், 190 ஆகலாம். பொருளடக்கத்தில் கையால் அடித்த பக்க எண்கள் எல்லாம் பொய்யாகும். வரி முடிவில் சொல்லை உடைத்துக் கையால் போட்ட சிறுகோடுகள் இப்போது வரியின் நடுவில் வந்து நிற்கும். பாமினியில் காற்புள்ளிக்குரிய விசையில் 'இ' இருப்பதால், ஆங்கில எழுத்துருவில் அடித்த காற்புள்ளிகள் மாற்றத்தில் இகரமாகும்: 'மாவை, சேனாதி' என்று இரண்டு பெயர்கள் இருந்த இடத்தில் 'மாவைஇ சேனாதி' என்று வரும்.

மும்மொழி ஆவணம் வந்தால் கஷ்டம் மும்மடங்கு. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியபின் மூன்று மொழியும் ஒரே தாளில் வரும் படிவங்கள் பெருகின. பழைய கோப்பில் தமிழ் பாமினியில் இருக்கும். சிங்களம் எஃப்.எம். அபய போன்ற எழுத்துருவில் இருக்கும். ஆங்கிலம் ஆங்கிலத்தில். மூன்றுக்கும் உள்ளே இருப்பவை அதே ஆஸ்கி எண்கள். 106 என்ற எண் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தகரமாகவோ ஒரு சிங்கள உருவாகவோ வெறும் ஜேயாகவோ இருக்கும். முழுவதையும் கொப்பி பண்ணி மாற்றியின் பெட்டிக்குள் ஒட்டினால் எழுத்துருப் பெயர்கள் உதிர்ந்துபோகும். மாற்றி எல்லாவற்றையும் தமிழென்றே எண்ணும். 'றறற' இங்கேயும் பிறக்கும்.

இதற்குச் சரியான வழி கோப்பின் உள்ளேயே இருக்கிறது. 2007 முதல் வேர்ட் சேமிக்கும் டொக்எக்ஸ் என்ற வடிவம் உண்மையில் ஒரு சிப் பொதி. அதன் பெயரின் வாலை மாற்றிப் பிரித்தால் உள்ளே பல சிறு கோப்புகள். அவற்றில் ஒன்றில் ஆவணத்தின் முதன்மை உரை துண்டு துண்டாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்துருவில் உள்ளது என்று அதன் தலையிலோ, அது பின்பற்றும் பாணியின் வரையறையிலோ எழுதியிருக்கும். பாமினி என்று குறித்த துண்டைத் தமிழ் விதியாலும், அபய என்று குறித்ததைச் சிங்கள விதியாலும் மாற்றி, டைம்ஸ் என்று குறித்ததைத் தொடாமல் விட்டால் மூன்று மொழியும் பிழைக்கும். தடித்த எழுத்தும் அடிக்குறிப்பும் தம் இடத்திலேயே இருக்கும். முத்து அண்ணாமலை முதலியோர் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரல் தொகுப்பில் பழைய குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி ஆயத்தமாகவே உண்டு. பைத்தன் தெரிந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதைக்கொண்டு இப்படியான மாற்றியைக் கட்டிவிடலாம். வெள்ளவத்தைக் கடைகளுக்கு இன்று வேண்டியது இதுதான். ஒட்டும் பெட்டி அல்ல.

இவ்வளவு பாடு எதற்கு, அச்சிட்ட நூல் கையில் இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சுப் பிரதி ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் பொருளை இலங்கைத் தமிழருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த நினைவின் தொடர்ச்சியாகவே 2005இல் நூலகத் திட்டம் தொடங்கியது. நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் என்று ஆயிரமாயிரமாக வருடி இணையத்தில் எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் தன் நூலகத்தைக் காத்து வருகிறது.

வருடிய பக்கம் படம். அதை வாசிக்கலாம், ஆனால் அதற்குள் சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவரின் கணினி அதை உரக்க வாசிக்காது. தேட வேண்டுமானால் படத்திலிருந்து எழுத்தை உணரும் ஓ.சி.ஆர். மென்பொருளால் மறுபடி உரையாக்க வேண்டும். மங்கிய தாளில் 'ன'வும் 'ள'வும் மாறும், குற்று தொலையும். இங்கேதான் மனம் பொறுப்பதில்லை. 1950இல் ஈயத்தில் கோத்த நூலுக்கு வேறு வழியில்லை. 2003இல் கொழும்பில் கணினியில் அடித்து, மெய்ப்புப் பார்த்து, எழுத்துப் பிழையின்றி முடித்த நூலையும் தாளிலிருந்து வருடிப் பிழையோடு மீட்டெடுக்கிறோம். அதன் சுத்தமான உரை எங்கோ ஒரு பேஜ்மேக்கர் கோப்பில் கிடக்கிறது. தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அச்சகத்தார் ஒப்படைக்க வேண்டியதும் அச்சுப் பிரதிகளே; கோப்பை யாரும் கேட்பதில்லை.

கேட்கலாம். நூல் வெளியானதும் பதிப்பாளரிடமிருந்து நூலகங்கள் கோப்பையும் பெற்றுக்கொள்வது கடினமான ஏற்பாடல்ல. மாற்றிய கோப்போடு மாற்றாத மூலக் கோப்பும் வேண்டும். நாளைக்கு இன்னும் நல்ல மாற்றி வரும்போது மூலத்திலிருந்துதான் தொடங்க முடியும். எழுத்துருவின் கோப்பையும் கூடவே வைக்க வேண்டும், ஏனென்றால் பாமினி என்ற பெயரில் சிற்சில எழுத்து இடம் மாறிய பதிப்புகளும் உலவுகின்றன. அச்சுக்குப் போன பீ.டி.எஃப். ஒன்றும் இருந்தால், மாற்றத்தில் ஐயம் வரும் இடத்தில் பக்கம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவற்றோடு சாதாரண உரைக் கோப்பு ஒன்றில், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த ஆண்டு என்று ஒருங்குறியில் நான்கு வரி எழுதி வைத்தால், நூலைத் திறக்கப்போகிறவருக்கு வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.